பதினோரு இசக்கி

என் இடது தொடை எலும்பு இடுப்புக் குழியை விட்டு வெளியே போய் இருபது வருஷமாகிறது. போகும்போது என்னிடம் சொல்லிக்கொண்டு போகவில்லை. ஆறு வயதில் எடுத்த எக்ஸ்ரேயில்தான் தெரிந்தது. அதைப் பார்த்து டாக்டர் முகம் சுருங்கியபோது நான் அவர் அறையிலேயே மேஜையைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தேன் என்று அம்மா சொல்வாள்.

முதுகுத்தண்டின் கீழ்ப்பகுதி மூடாமல் பிறந்தவள் நான். ஸ்பைனா பிஃபிடா என்பார்கள். பிறந்த மறுநாளே தைத்து மூடிவிட்டார்கள். ஆனால் அந்த இடத்துக்குக் கீழே போகிற நரம்புகளில் சில வேலை செய்யும், சில செய்யாது. பாதத்தில் உணர்ச்சி கிடையாது. இடுப்பைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடிக்கிற தசைக்குப் பலம் போதாது. அதனால்தான் எலும்பு நழுவியது. வலிக்கவும் இல்லை, நடையை நிறுத்தவும் இல்லை. இரண்டு காலிலும் முழங்காலுக்குக் கீழே பிரேஸ், அதற்கு மேல் ஷூ, இடது ஷூவின் அடியில் ஒன்றேகால் அங்குலம் கூடுதல் அட்டை, வலது கையில் ஊன்றுகோல். இத்தனையும் சேர்ந்ததுதான் என் கால். ஒவ்வொரு அடிக்கும் உடம்பு இடது பக்கம் சாய்ந்து நிமிரும். பார்க்கிறவர்களுக்குத்தான் அது கஷ்டமாக இருக்கும்.

பெயர் இசக்கியம்மாள். வேலை சர்வேயர். இந்த 2061-இல் சர்வேயருக்கு என்ன வேலை, மேலேயிருந்து செயற்கைக்கோள் அரை அங்குலம் பிசகாமல் அளக்கிறதே என்று கேட்பீர்கள். அளக்கும். வானத்திலிருந்து பார்த்தால் வரப்பு தெரியும், வயிற்றெரிச்சல் தெரியாது. அண்ணனும் தம்பியும் மண்வெட்டியோடு நிற்கிற இடத்தில் யாராவது ஒரு ஆள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு எல்லைக்கல்லுக்குக் கல் நடந்து காட்டினால்தான் சமாதானம் வரும். அந்த ஆள் நான். சங்கரன்கோவில் தாலுகாவில் நான் நடக்காத வரப்பு கொஞ்சம்தான். எனக்குத் தெரிந்த ஒரே பெருமை அது.

அந்தப் பெருமைக்குத்தான் ஆவணி மாதம் ஒரு கடிதம் வந்தது. களத்தில் வேலை பார்க்கிற எல்லோரும் நடைத்தகுதிச் சான்று வாங்க வேண்டும். குறை இருந்தால் தப்பில்லையாம். சரிசெய்யக்கூடிய குறையைச் சரிசெய்யாமல் வைத்துக்கொண்டிருப்பதுதான் தப்பாம். 'திருத்தத்தக்கது' என்று சான்று வந்தால் ஆறு மாதத்துக்குள் திருத்திக்கொள்ள வேண்டும். மறுத்தால் களப்பணி கிடையாது, அலுவலகத்தில் ஒரு இருக்கை தருவார்கள். நாற்காலியில் உட்கார்ந்து அடுத்தவர் அளந்ததைச் சரிபார்க்கிற வேலை.

பாளையங்கோட்டையில் பொருநை எலும்பியல் நிலையத்துக்குப் போனேன். கீழ்த்தளத்தில் நடைக்கூடத்தில் அளவெடுத்தார்கள். ஒரு வாரம் கழித்து மாடியில் டாக்டர் ஹெப்சிபா கூப்பிட்டார். ஐம்பது வயதிருக்கும். நரைத்த கொண்டை, சத்தமில்லாத பேச்சு. கெட்ட மனுஷி என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை, இப்போதும் தோன்றவில்லை.

"இது நீங்கதான் இசக்கி," என்று திரையை என் பக்கம் திருப்பினார்.

சாம்பல் நிறத்தில் ஒரு பெண் நின்றாள். முகமில்லை. ஆனால் தோள் என் தோள், முதுகில் தையல் போட்ட மேடு என்னுடையது.

"உடல்நகல்னு சொல்லுவோம். உங்க எலும்பு, தசை, நரம்பு, நீங்க கீழ நடந்த நடை எல்லாத்தையும் வச்சுச் செஞ்சது. முன்னெல்லாம் ஆளை அறுத்துட்டுத்தான் சரியா வந்துச்சா இல்லையான்னு பாப்போம். இப்போ நகலை அறுத்துப் பாக்கோம். நூறு நகல் எடுத்து, ஒவ்வொண்ணுலயும் சின்னச் சின்ன வித்தியாசம் வச்சு, எலும்பைக் குழிக்குள்ள உக்கார வச்சு, இருபது வருஷம் நடக்க விட்டுப் பாப்போம். எல்லாம் ஒரு மணி நேரத்துல முடிஞ்சிரும்."

"நூறு பேருக்கும் என்னாச்சு டாக்டர்?"

"தொண்ணூத்து நாலு பேர் நல்லா நடக்காங்க. ஆறு பேர் இப்போ நீங்க நடக்கிற மாதிரியே. மோசமானது ஒருத்தர்கூட இல்ல. பாருங்க."

அந்தப் பெண் நடந்தாள். சாயாமல், கோல் இல்லாமல், இரண்டு கையையும் வீசிக்கொண்டு. திரும்பி வந்தாள். மறுபடி போனாள்.

பொய் சொல்லக்கூடாது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. 'நான் இப்படியே நன்றாகத்தான் இருக்கிறேன்' என்று வருஷக்கணக்காக எல்லோரிடமும் வாய் கிழியப் பேசியவள் நான். எங்கள் சொந்தத்தில் எத்தனையோ கல்யாணம் நடந்திருக்கிறது, பந்தியில் ஒரு சாம்பார் வாளியை என் கையில் கொடுத்தவர்கள் கிடையாது. "நீ உக்காரும்மா" என்பார்கள். திரையில் நடந்தவள் கையில் வாளியைக் கொடுப்பார்கள்.

"எப்போ செய்யலாம்?" என்று கேட்டது நான்தான்.

மூன்று வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமைக்குத் தேதி போட்டார்கள்.

ஆஸ்பத்திரிக்கு என்னென்ன கொண்டுபோக வேண்டும் என்று கேட்கச் சேர்மக்கனி அண்ணன் வீட்டுக்குப் போனேன். சின்ன வயதிலிருந்து ஒரே கிளினிக்கில் பக்கத்துப் பக்கத்து பெஞ்சில் காத்துக் கிடந்தவர்கள் நாங்கள். என்னைவிட ஐந்து வயது மூத்தவர். அவருக்கும் முதுகில் அதே தையல்தான், அவருக்கு இரண்டு பக்கமும் இடுப்பு நழுவியிருந்தது. இரண்டு கோல் ஊன்றிக்கொண்டு தச்சநல்லூர் முழுக்கச் சுற்றி மோட்டார் ரிப்பேர் பார்ப்பார். இரண்டு வருஷம் முன்னால் அவர் இந்த ஆபரேஷன் செய்துகொண்டார். போனில் கேட்டபோதெல்லாம் "நல்லா இருக்கேன்" என்பார். வேலை வேலை என்று நானும் நேரில் போகாமல் இருந்துவிட்டேன்.

கதவைத் திறந்தவர் சக்கர நாற்காலியில் இருந்தார். அதிலும் நேராக உட்கார முடியாமல் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தார்.

"அண்ணே, ஆபரேஷன் தோத்துப்போச்சா?"

"யாரு சொன்னா? ஜெயிச்சிட்டுட்டி. எக்ஸ்ரேயப் பாத்தேன்னா கல்யாணப் பத்திரிகையில போடலாம். ரெண்டு பக்கமும் குழியில அம்சமா உக்காந்திருக்கு. உக்காந்தது எந்திக்கத்தான் மாட்டேங்கு." தொடையைத் தட்டிக் காட்டினார். "இறுகிப்போச்சு. இந்த அளவுக்கு மேல மடங்காது. நீட்டவும் வராது. தரையில உக்காந்து மோட்டாரைப் பிரிக்க முடியல. நின்னா நாலு அடி, அதோட சரி."

"டாக்டர்ட்ட சொல்லலியா?"

"சொல்லாம? என் நகல் அங்கன ஜோரா நடக்காம்லா. நகல் நடக்கும்போது நான் நடக்கலைன்னா தப்பு யாரு மேல? என் மேலதான். 'பயிற்சிக்கு ஒத்துழைக்கவில்லை'ன்னு எழுதிட்டாவ. ஒருவேளை நம்ம பேர்லதான் தப்போன்னு நானும் சும்மா இருந்துட்டேன். வெக்கமா இருந்துச்சு, உன்கிட்டயும் சொல்லல."

நாற்காலியின் சக்கரத்தைத் தட்டிக் காட்டிவிட்டு மேலே பேசினார்.

"வண்டி மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல பாத்துக்க. நல்ல வண்டி. வண்டியிலதான் போணும்னா நேரா வண்டியவே வாங்கியிருப்பேன். நடுவுல என்னய எதுக்கு அறுத்தாவ? அத விடு. நீ அந்தக் கீழ்க்கூடத்துல நடந்தியா? நான் செத்துப் பொழச்சேன். பிரேஸும் கோலும் வாசல்ல கெடக்கு, நான் சுவத்துக் கம்பியப் பிடிச்சுக்கிட்டுத் தொங்கிக்கிட்டே போறேன். அதப் போய் நடைன்னு எழுதிக்கிட்டான்."

நானும் அப்படித்தான் நடந்தேன். வாசலில் 'காலணிகளை வெளியே விடவும்' என்று பலகை இருந்தது. விட்டேன். ஷூவைக் கழற்றினால் பிரேஸ் நிற்காது, அதையும் கழற்றினேன். ஊன்றுகோலின் ரப்பரில் வரப்பு மண் ஒட்டியிருந்ததால் அதையும் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் போனேன். உள்ளே சுவரோரம் பளபளவென்று ஒரு கைப்பிடிக் கம்பி இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு போய் வந்தேன். அப்போது எதுவும் தோன்றவில்லை. கழற்றச் சொன்ன இடத்தில் கழற்றுவதும், கழற்றியபின் கிடைத்ததைப் பிடித்துக்கொள்வதும் எனக்குப் பிறந்ததிலிருந்தே பழக்கம்.

ஒரு விஷயம் சொல்கிறேன். சர்வேயில் பெரிய தப்பெல்லாம் அளப்பதில் வராது. அளக்கத் தொடங்குகிற கல் நகர்ந்திருந்தால்தான் வரும். யாரோ டிராக்டரை விட்டு இடித்துவிட்டு, கல்லை நாலடி தள்ளி நட்டிருப்பான். அதிலிருந்து நீங்கள் எவ்வளவு நேர்த்தியாக அளந்தாலும் கடைசியில் பக்கத்து வீட்டுக் கிணறு உங்கள் பட்டாவில் வந்து நிற்கும். கணக்கில் ஒரு பிழையும் இருக்காது. அண்ணன் வீட்டிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்தேன். எங்கள் இரண்டு பேரையும் அளக்கத் தொடங்கிய கல் அந்தக் கூடத்தில்தான் நகர்ந்திருக்கிறது என்று தோன்றியது.

நடைக்கூடத்தைப் பார்த்துக்கொள்கிறவர் பக்கீர் பாய். அறுபதை நெருங்கியவர். வாசலில் நான் ஷூவோடு நின்றதும் ஓடிவந்தார்.

"அம்மா, அம்மா, அப்படியே உள்ள வந்துராதீங்க. கண்ணாடித் தரைம்மா. அடியில பூரா உணர்கருவி. கீறல் விழுந்தா என்னயத்தான் கேப்பாக."

"பாய், எல்லாரும் கழட்டிட்டுத்தான் நடக்காங்களா?"

"பின்னே? தெறப்பு விழா அன்னைக்கு மந்திரியே கழட்டிட்டுத்தான் வந்தாரு. ஆறு வருஷமா ஒரு செருப்பு இங்க ஏறினதில்ல." அதில் அவருக்கு உண்மையிலேயே பெருமை இருந்தது. தினமும் இரண்டு வேளை அவர் கையாலேயே துடைக்கிறாராம்.

"கால்ல சாதனம் ஏதும் போட்டிருக்காங்களான்னு மிஷின் கேக்குமா?"

"கேக்கும். கையில கோல் உண்டான்னுகூட கேக்கும். நான்தான் ஒவ்வொருத்தரையும் பாத்து நிரப்புவேன்."

"என்ன போடுவீங்க?"

"சாதனம் இல்லை, கோல் இல்லை. அதான் எல்லாம் வெளிய கெடக்கே."

"கம்பி?"

"கம்பி செவுத்தோட உள்ளதுல்லம்மா. அதை எப்படிச் சாதனம்னு போட?"

அந்த மனுஷன் ஒரு பொய்கூட எழுதவில்லை. பார்த்ததை அப்படியே எழுதியிருக்கிறார். எங்கேயோ குளிர்நாட்டில் செய்த மிஷின் அது. ஷூவை யாரும் வாசலில் விடாத ஊரில் அந்தக் கேள்விகளை எழுதியிருப்பார்கள். இங்கே வந்தபின் அதற்கு ஆறு வருஷமாக வெறுங்காலோடுதான் ஆள் கிடைத்திருக்கிறது. நாங்களும் ஒருவராவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லையே.

டாக்டர் ஹெப்சிபாவைக் கீழே வரச் சொல்லச் சொன்னேன். வெளிநோயாளிகள் நேரம், மேலே வாருங்கள் என்று பதில் வந்தது. வர மாட்டேன், இங்கே தரையில் உட்கார்ந்திருக்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். இருபது நிமிஷத்தில் வந்தார். வந்தவர் வாசலில் செருப்பைக் கழற்றினார். கழற்றிக்கொண்டிருக்கும்போதே நான் சொல்லத் தொடங்கினேன். ஒரு செருப்பு காலிலும் ஒரு செருப்பு வெளியிலுமாக அப்படியே நின்றுவிட்டார்.

"நான் இந்த ரூமுக்குள்ள வந்ததே இல்ல," என்றார். "ரிசல்ட் மேல வந்துரும்."

"நான் கோல் இல்லாம, பிரேஸ் இல்லாம நின்னேன்னு மிஷின் நெனச்சா என்ன ஆகும் டாக்டர்?"

"இந்தப் பொண்ணு எதையும் பிடிக்காம நிக்குதுன்னா இடுப்புத் தசைக்கு நல்ல பலம் இருக்குன்னு எடுத்துக்கும். தசை நல்லா இருக்கு, எலும்பு மட்டும்தான் இடம் மாறியிருக்கு. அப்போ எலும்பை உள்ள வச்சா சரியாப் போயிரும்னு சொல்லும்." கம்பியைக் கையால் தொட்டுப் பார்த்தார். "உங்களைத் தாங்கினது தசை இல்ல, கைதான். பலமில்லாத தசை இருக்கிற இடுப்பை வெட்டித் தச்சா, அது இறுகத்தான் செய்யும்."

"சேர்மக்கனி அண்ணனுக்கு இறுகினாப்பல."

"ஆமா."

"அவர் ஒத்துழைக்கலைன்னு எழுதினீங்க."

அவர் என்னைப் பார்க்கவில்லை. "நாப்பத்தோரு பேர் இசக்கி," என்றார். "உங்களை மாதிரி நடந்துக்கிட்டிருந்தவங்க நாப்பத்தோரு பேருக்குச் செஞ்சிருக்கேன். எக்ஸ்ரே எல்லாமே நல்லா வந்துச்சு."

அவர் மேல் இரக்கம் வந்தது. இரக்கம் வந்ததற்காக என் மேலேயே எரிச்சலும் வந்தது. "அழறதுக்கு அப்புறம் நேரம் இருக்கு டாக்டர். ஆபரேஷனுக்குத் தேதி வாங்கி உக்காந்திருக்கவங்க எத்தனை பேரு?" என்றேன்.

"உங்களைச் சேர்த்து ஏழு."

சனிக்கிழமை காலை ஏழு பேரும் வந்தோம். கடையநல்லூரிலிருந்து ஒரு தையல்காரப் பெண், அம்பாசமுத்திரத்திலிருந்து தபால் நிலையத்தில் வேலை பார்க்கிற ஒருவர், பாலிடெக்னிக் படிக்கிற இரட்டையரில் ஒருத்தி, இப்படி. சேர்மக்கனி அண்ணன் வேடிக்கை பார்க்க வந்தேன் என்று வண்டியோடு வந்திருந்தார். வாசல் பலகையைப் பக்கீர் பாயே கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். ஷூவும் பிரேஸும் கோலுமாக ஒவ்வொருவராக அந்தத் தரையில் ஏறினோம். டக், டக் என்று கோல் விழுகிற ஒவ்வொரு தடவையும் பாய் கண்ணை மூடிக்கொண்டார். தபால்காரரின் ஷூவிலிருந்து கரம்பை மண் கட்டியாக உதிர்ந்தது. அவர் குனிந்து பொறுக்கப் போனார்.

"கெடக்கட்டும் விடுங்க," என்றேன். "கையைக் கோல்லேருந்து எடுக்காதீங்க, அதுவும் கணக்குல வரும்."

"நல்லா மிதிங்கடே," என்றார் வாசலிலிருந்து அண்ணன்.

செவ்வாய்க்கிழமை மாடிக்குக் கூப்பிட்டார்கள். ஆறு பேருக்கு மிஷின் பின்வாங்கிவிட்டது. நழுவிய எலும்பு அங்கேயே இருக்கட்டும், பிரேஸையும் ஷூவையும் சரியாகப் பார்த்துக்கொண்டாலே போதும், அறுத்தால் கெடும் என்று சொல்லிவிட்டது. தையல்காரப் பெண் வராந்தாவில் நின்று வீட்டுக்குப் போன் போட்டு அழுதுகொண்டே சிரித்தாள். ஏழாவதாக நான் உள்ளே போனேன். டாக்டர் திரையை என் பக்கம் திருப்பாமல் வைத்திருந்தார்.

"உங்களுக்கு மட்டும் மாறல இசக்கி. இன்னமும் திருத்தத்தக்கதுன்னுதான் சொல்லுது."

"அளவு சரியா எடுத்தாச்சா?"

"ரெண்டு தடவை போட்டுப் பாத்தேன். இந்தத் தடவை தப்பில்ல. மத்தவங்களுக்கு முதுகுல பிளவு மேல இருக்கு. உங்களுக்குக் கீழ. அவங்களைவிட உங்க தசை கொஞ்சம் பரவாயில்ல. நழுவினதும் ஒரு பக்கம்தான். அதனால ஆபரேஷன் உங்களுக்கு உதவுறதுக்கு நெசமாவே வாய்ப்பிருக்கு."

"நூறு பேர்ல?"

"அம்பத்தெட்டு பேருக்குச் சாய்வு குறையுது. கோல் இல்லாமகூட நடக்கலாம். முப்பத்தொரு பேர் இப்போ மாதிரியே."

"மிச்சம்?"

"பதினொண்ணு." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவங்களுக்கு இறுகிருது. மூணு வருஷத்துல நடை நின்னுருது. கூட்டிக் கழிச்சு லாபம்தான்னு மிஷின் சொல்லுது. டாக்டரா என்னாலயும் அது தப்புன்னு சொல்ல முடியாது."

இதற்கு நான் தயாராக வரவில்லை. மிஷின் தப்பாகச் சொல்கிறவரை எனக்குச் சண்டை போட ஒரு பிடி இருந்தது. இப்போது அது சரியாகச் சொல்கிறது. மறுபடி அந்தச் சாம்பார் வாளி ஞாபகம் வந்தது, ஆசையும் வந்தது. ஐம்பத்தெட்டு என்பது பாதிக்கு மேல்.

"அந்தப் பதினோரு பேரையும் பாக்கணும்," என்றேன்.

"எதுக்கு இசக்கி?"

"அவளுவளும் நான்தான டாக்டர்?"

ஒருத்தியைத் திரையில் கொண்டுவந்தார். மூன்றாவது வருஷத்து இசக்கி. மேடு பள்ளமான தரையில் விட்டார். நாலு அடி வைத்தாள். ஐந்தாவது அடி எடுக்கக் காலைத் தூக்கப் பார்த்தாள், இடுப்பு வரவில்லை. கீழே வைத்தாள். மறுபடி தூக்கப் பார்த்தாள். அவளுக்கு முகம் இல்லாததால் என்னால் பார்க்க முடிந்தது. இன்னொருத்தியைக் கேட்டேன். அவள் இரண்டடி வைத்தாள். பதினோரு பேரையும் பார்த்து முடித்தேன்.

"வேண்டாம்," என்றேன்.

"அம்பத்தெட்டு..."

"தெரியும் டாக்டர். அந்த அம்பத்தெட்டு பேரும் நல்லா இருக்கட்டும். எனக்கு வலி இல்ல. ஒரு நாளைக்கு ஆறு கிலோமீட்டர் நடக்கேன். சாஞ்சு நடக்கேன், அவ்வளவுதான். என் சாய்வைக் குறைக்கதுக்கு அந்தப் பதினோரு பேரைப் பணயம் வைக்கணும்னா அதை நான்தான் வைக்கணும். மிஷினும் வைக்கக்கூடாது, என் ஆபீஸும் வைக்கக்கூடாது. நான் வைக்கல."

அவர் குரலைத் தாழ்த்தி, "ஒரு வழி இருக்கு. பழைய அளவெடுப்பே மொத்தமா கோளாறுன்னு அறிக்கை போகப்போகுது. அதோட அதா உங்களுதையும் 'திருத்தத் தேவையில்லை'ன்னு போட்டுர்றேன். யாரும் கேக்க மாட்டாங்க. உங்களுக்கு வேலையும் நிக்கும்," என்றார்.

நல்ல மனசோடுதான் சொன்னார். தலையை ஆட்டியிருந்தால் அன்றைக்கே எல்லாம் முடிந்திருக்கும். எனக்கு என்னவோ சுள்ளென்று ஏறியது.

"பொய் எழுதாதீங்க டாக்டர். தேவையில்லைன்னு எழுதினா, தேவைன்னு சான்று வந்தவ நாளைக்கு மாட்டேன்னு சொல்ல முடியாமப் போயிரும். தேவைதான், திருத்தலாம்தான், இசக்கி வேண்டாம்னுட்டான்னு எழுதுங்க."

படிவத்தைத் திறந்தார். மறுப்புக்குக் காரணம் என்ற இடத்தில் ஐந்து வரி தயாராக இருந்தது. பயம். மத நம்பிக்கை. குடும்பத்தார் எதிர்ப்பு. பண வசதியின்மை. விவரம் புரியாமை. இதில் ஒன்றைத் தொட்டால்தான் அடுத்த பக்கம் போகும்.

"இதுல எது?" என்றார்.

"எதுவும் இல்ல."

அவர் அந்தத் திரையை அணைத்துவிட்டு, மேஜை இழுப்பறையிலிருந்து ஆஸ்பத்திரி பெயர் அச்சிட்ட தாள் ஒன்றை எடுத்தார். கையால் எழுதி நாளாகியிருக்க வேண்டும், எழுத்து கோணலாக வந்தது. 'நோயாளி நடக்கிறார். அறுவை சிகிச்சையின் நன்மை தீமைகளை என்னைவிட நன்றாக அறிந்திருக்கிறார். வேண்டாம் என்கிறார். நான் இதை ஏற்கிறேன்.' கீழே கையெழுத்துப் போட்டார். பிறகு இன்னொரு தாள் எடுத்துச் சேர்மக்கனி என்று தலைப்பெழுதத் தொடங்கினார். அதில் என்ன எழுதினார் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. ஆனால் அடுத்த வாரத்திலிருந்து அந்த நாற்பத்தொரு பேர் வீட்டுக்கும் அவரே நேரில் போய் வந்துகொண்டிருக்கிறார் என்று அண்ணன் சொன்னார். இரண்டு வீட்டில் கதவைத் திறக்கவே இல்லையாம்.

"ஆபீஸ்ல இந்தத் தாளை ஒத்துக்க மாட்டாங்க," என்றார் டாக்டர், அதை என்னிடம் கொடுக்கும்போது.

"தெரியும்."

ஒத்துக்கொள்ளவில்லைதான். ஐப்பசி முதல் தேதி எனக்கு அலுவலகத்தில் ஒரு இருக்கை போட்டுக் கொடுத்தார்கள். குறை சொல்லக்கூடாது, நல்ல இருக்கை, முதுகுக்கு மெத்தையெல்லாம் வைத்தது. மேஜையில் என் பெயர்ப் பலகைகூட வைத்திருந்தார்கள். பத்து மணிக்கு உட்கார்ந்தேன். பத்தே காலுக்குத் திருவேங்கடம் பக்கத்திலிருந்து இரண்டு பங்காளிகள் வந்தார்கள். கிணற்றடி வரப்பு தகராறு, இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை, ஒருவன் நெற்றியில் கட்டுப் போட்டிருந்தது. எனக்குப் பதிலாகப் போட்ட ஆள் திரையில் செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் படத்தைப் பார்க்காமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கோலை எடுத்தேன், எழுந்தேன், "வாங்கய்யா, போய்ப் பாத்துட்டு வந்துருவோம்" என்று அவர்களைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

மறுநாளும் யாரோ வந்தார்கள். அதற்கு மறுநாளும். சம்பளத்தைப் பாதியாக்கினார்கள். நான் போட்ட வரைபடத்தில் மேலதிகாரி கையெழுத்துப் போட மறுத்தார். ஊர்க்காரர்கள் இரண்டு தரப்பும் அதன் கீழே அவர்களே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். இதை எதிர்த்து நான் போட்ட வழக்கு நீதிமன்றத்தில் மூன்று முறை தள்ளிப்போயிருக்கிறது. கடையநல்லூர்த் தையல்காரப் பெண் இன்னும் நாற்பது பேரிடம் கையெழுத்து வாங்கி மனுவில் சேர்த்திருக்கிறாள். அந்த மறுப்புப் படிவத்தில் ஆறாவதாக ஒரு வரி வேண்டும் என்பதுதான் எங்கள் கோரிக்கை: 'வேண்டாம் என்கிறார்.'

போன வாரம் எனக்கு நான்காவது மெமோ வந்தது. ஒதுக்கப்பட்ட இருக்கையில் பதினோரு மாதமாக இல்லாததற்கு மூன்று நாளுக்குள் எழுத்துமூலம் விளக்கம் தர வேண்டும், தவறினால் பணிநீக்கம். முதலில் இரண்டு பக்கத்துக்கு எழுதினேன். மிஷின், கம்பி, வாசல் பலகை, பதினோரு பேர் எல்லாவற்றையும் விளக்கமாக எழுதி, படித்துப் பார்த்து, கிழித்துப் போட்டேன். பிறகு ஒரே வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

'ஐயா, அந்த நேரத்தில் நான் நடந்துகொண்டிருந்தேன்.'